வாசம் தெரியாதவன்

ஒன்றாம் நம்பர் பம்பில் ஒன்றும் வரவில்லை. நைட்ரஜன் குழாய்க்குள் இறங்கிய சத்தம் கேட்டது, தொட்டியின் அடிவரை போய்ச் சுற்றி மேலேறி வந்த சத்தமும் கேட்டது, குழாய் முனையில் கசிவைப் பிடிக்கிற குவளையின் அடி வால்வைத் திறந்து கஸ்பார் பாட்டிலைப் பிடித்தபோது ஒரு சொட்டு எண்ணெய் மட்டும் வந்து பாட்டிலின் வாயிலேயே தங்கிவிட்டது. நல்லது. இப்படித்தான் வர வேண்டும். இந்த ரசாயனக் கப்பலில் ஒவ்வொரு தொட்டியின் அடியிலும் ஒரு பம்ப் முழுகிக் கிடக்கிறது, அதை ஓட்டுவது எண்ணெயின் அழுத்தம், அந்த எண்ணெயும் தொட்டியிலிருக்கிற சரக்கும் ஒன்றோடொன்று சேரக் கூடாது, அதனால் இரண்டுக்கும் நடுவே யாருக்கும் சொந்தமில்லாத ஒரு சந்து, சந்துக்கு இரண்டு பக்கமும் அடைப்பு. அடைப்பு தேய்ந்தால் ஏதாவது உள்ளே கசியும். கசிந்ததைத் தினமும் காலையில் நைட்ரஜனால் ஊதி வெளியே தள்ளிப் பார்ப்பதற்குப் பெயர் பர்ஜ். பம்ப்மேன் கஸ்பாருக்கு அது பல் துலக்குவது மாதிரி. இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. ஊரில் மகள் பெபியோலா பூசைக்குப் புறப்பட்டுக்கொண்டிருப்பாள். கப்பலுக்கு ஞாயிறு கிடையாது, பம்புக்கும் கிடையாது. முகமூடி தாடைக்குக் கீழே தொங்கியது. வெயில் டெக்கின் பச்சைப் பெயிண்டிலிருந்து எழுந்து காலணி வழியாக மேலே வந்தது. சூடு தெரிகிறது. உப்புக்காற்று உதட்டில் கரிக்கிறது. அதெல்லாம் தெரிகிறது. முன்பக்கத்தில் டெக் ஆட்களுக்குத் தலைவரான போசன் அசனார் பாய் நங்கூரச் சங்கிலிக்குக் கிரீஸ் தடவிக்கொண்டிருந்தார். அந்தக் கிரீஸுக்குக்கூட ஒரு வாசம் உண்டு, என்ன வாசம் அது, கஸ்பார் நினைத்துப் பார்த்தான், மஞ்சள் நிறம் ஞாபகம் வந்தது, விரலில் வழுக்கியது ஞாபகம் வந்தது, வாசம் வரவில்லை.

கொரோனா போய் இத்தனை வருஷம் ஆயிற்று. எல்லோருக்கும் திரும்பி வந்துவிட்டது என்றார்கள். சிலருக்கு ஒரு மாதத்தில், சிலருக்கு ஒரு வருஷத்தில், ஒருத்தனுக்கு ஒரு நாள் காலையில் காப்பி குடிக்கும்போது திடீரென்று வந்ததாம், அழுதுவிட்டானாம். கஸ்பாருக்கு வரவில்லை. கப்பலில் ஏறும் முன்னால் டாக்டர் கண்ணைப் பார்ப்பார், நிறப் புள்ளிகளுக்குள் ஒளிந்திருக்கும் எண்ணைப் படிக்கச் சொல்வார், காதைப் பார்ப்பார், மூத்திரம் கேட்பார், நெஞ்சில் குழலை வைப்பார். மூக்கை யாரும் கேட்டதில்லை. மூக்கு என்பது முகத்தில் சும்மா இருக்கிற ஒன்று. கேட்டால் என்ன சொல்லியிருப்போம் என்று யோசித்தான். கேட்கவில்லையே. கேட்காததற்குப் பதில் எதற்கு? சாப்பாட்டு மேசையில் குசினிக்காரர் "எப்படி இருக்கு?" என்று கேட்டால் மற்றவர்கள் முகத்தைப் பார்த்துவிட்டு நல்லாயிருக்கு என்பான். ஒரு தடவை எல்லோரும் தட்டைத் தள்ளிவைத்த பிறகும் இவன் தின்றுகொண்டிருந்தான். பால் திரிந்திருந்ததாம். அசனார் பாய் ஒரு மாதிரி பார்த்தார். கஸ்பார் சிரித்தான். வயிற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆகியிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டான். பர்ஜில் வருவதைக் கையுறை விரலில் தேய்த்துப் பார்க்கலாம், வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கலாம், எண்ணெய் என்றால் பளபளப்பு காட்டிக்கொடுத்துவிடும். இவ்வளவு நாளும் கண் போதுமாக இருந்தது. குழாயைக் கழற்றி இரண்டாம் நம்பருக்கு இழுத்தான். பாம்பு மாதிரி புரண்டு வந்தது. மனைவி ஜெசிந்தாவுக்குப் பாம்பென்றால் பயம், டிவியில் காட்டினால்கூடக் காலைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொள்வாள்.

அவளுக்குத்தான் வாசம் முதலில் போயிற்று. அதை நினைக்கக் கூடாது என்று வால்வைத் திறந்தான், நைட்ரஜன் சீறியது, நினைத்துவிட்டான். தூத்துக்குடி வீட்டில், அடுப்படியில், அவள் கரண்டியோடு நின்று, "ஏங்க, இங்க வாங்களேன், கொழம்பு தீஞ்சிருச்சு, எனக்குத் தெரியவே இல்ல" என்றாள். சட்டியின் அடியில் சாளை மீன் கருகிக் கிடந்தது. அவனுக்கு அன்றைக்கு வாசம் தெரிந்தது, முன்னறையிலிருந்தே தெரிந்தது, "உன் மூக்கை அடகு வச்சிட்டியாட்டி" என்று கேலி பண்ணினான். அவளும் சிரித்தாள். சிரித்தார்கள். அதுதான் திரும்பத் திரும்ப வந்து முட்டுகிறது. நோய் வீட்டுக்குள் வந்து நின்று நான் வந்திருக்கிறேன் என்று சொன்ன அந்த நேரத்தில் இரண்டு பேரும் கருகின சட்டியைப் பார்த்துச் சிரித்தார்கள். யார் கொண்டுவந்தது? அவள் மார்க்கெட்டுக்குப் போனாள். அவன் கூட்டாளி வீட்டு நிச்சயதார்த்தத்துக்குப் போனான். அவள் வேண்டாம் என்றாள், அவன் போனான். மார்க்கெட்டாகவும் இருக்கலாம். நிச்சயதார்த்தத்தில் வேறு யாருக்கும் வரவில்லை. வந்திருந்தும் சொல்லாமல் இருக்கலாம். மார்க்கெட்டாகத்தான் இருக்கும். மார்க்கெட்டுக்கு யார் அனுப்பினது? சாளை வேண்டும் என்று யார் கேட்டது? இந்த இடத்துக்கு வந்ததும் நினைப்பு சுற்றி மறுபடி நிச்சயதார்த்தத்துக்கே போய்விடும், அங்கிருந்து மார்க்கெட்டுக்கு. இரண்டாம் நம்பரிலும் ஒன்றும் இல்லை. மூன்றாம் நம்பரில் கொஞ்சம் எண்ணெய், தேன் நிறத்தில், எப்போதும் வருகிற அளவு. பாட்டிலைச் சாய்த்துப் பார்த்தான். ஆஸ்பத்திரியில் அவனுக்கு ஆண்கள் வார்டு, அவளுக்கு மாடியில். மூக்கில் குழாய் வைத்திருந்தார்கள், அதில் காற்று சீறிக்கொண்டே இருந்தது, இந்த நைட்ரஜன் மாதிரியே. இதே சத்தம். ஏழெட்டுக் கட்டில் தாண்டி ஒருவர் ராத்திரி பகலாக மாதாவே மாதாவே என்றார், பிறகு சொல்லவில்லை. ஜெசிந்தா போன் பண்ணி, "சாப்பிட்டீங்களா" என்றாள். மூச்சு வாங்கிக்கொண்டே, "இட்லில உப்பே இல்ல, உங்களுக்கு?" என்றாள். எனக்கும் இல்லை என்றான். அவ்வளவுதான் பேசினது. உப்பைப் பற்றி. கட்டின நாளிலிருந்து பேசின பேச்செல்லாம் போய்க் கடைசியில் நின்றது உப்பில்.

மறுநாள் நர்ஸ் வந்து கட்டில் ஓரத்தில் நின்றாள். கண் மட்டும் தெரிந்தது. அந்தக் கண்ணைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. ஜன்னல் வழியாகக் காட்டினார்கள், கீழே வண்டிக்கு அருகில், வெள்ளையாகச் சுற்றியிருந்தது, இதுதான் என்றார்கள், சரி என்றான். பக்கத்தில் போகவில்லை, முகத்தைப் பார்க்கவில்லை, நெற்றியில் சிலுவை போடவில்லை. அழுகையும் வரவில்லை. மூக்கில் குழாய் இருந்ததால் என்று அப்போது நினைத்துக்கொண்டான். அழுதால் மூச்சு முட்டும், அப்புறம் அழுதுகொள்ளலாம், முதலில் பெபிக்காகப் பிழைத்துப் போவோம். அப்புறம் வீட்டுக்கு வந்து, நாற்பதாம் நாள் பூசை முடிந்து, மறுபடி கப்பலேறி, இறங்கி, ஏறி, அந்த அப்புறம் வரவே இல்லை. எங்கேயோ நடுவில் தங்கிவிட்டது. வீட்டுக்கு வந்தபோது கொழுந்தியாள் ரோஸ்லின் வீட்டையே கழுவிப்போட்டிருந்தாள். பாய் தலையணை எல்லாம் எரித்தாயிற்று. அவளைச் சொல்லிக் குற்றமில்லை, எல்லோரும் பயந்திருந்தார்கள். சாப்பிட முடியாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தவனிடம் பெபியோலா ஒரு பிளாஸ்டிக் பையைக் கொண்டுவந்தாள். உள்ளே ஜெசிந்தாவின் ஊதா நூல்சேலை. "அப்பா, இது மட்டும் சித்தி கண்ணுல படல. அம்மா வாசம் அப்படியே இருக்குப்பா" என்றாள். பதினான்கு வயது அப்போது அவளுக்கு. அவன் பையைப் பிரித்து முகத்தைச் சேலைக்குள் வைத்தான். துணி இருந்தது. மெத்தென்று, கொஞ்சம் குளிர்ச்சியாக. உள்ளே இழுத்தான், இன்னும் இழுத்தான், நெஞ்சு வலிக்கும் வரை இழுத்தான், காற்று வந்தது. பிள்ளை அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். "ஆமா மக்கா" என்றான். "அம்மா வாசந்தான்." அவள் தலையை ஆட்டினாள். "நீங்க வச்சுக்கங்கப்பா, கப்பலுக்குக் கொண்டு போங்க" என்றாள். கொண்டுவந்தான். ஒவ்வொரு கப்பலுக்கும் கொண்டுபோகிறான். பையை அடிக்கடி திறப்பதில்லை. உள்ளே இருப்பது தீர்ந்துவிடக் கூடாது. தனக்குத் திரும்பி வருகிற அன்றைக்கு அது அங்கே இருக்க வேண்டும்.

நான்காம் நம்பரில் நைட்ரஜன் திரும்பி வருகிற சத்தம் கொஞ்சம் கனமாக இருந்தது. வாய்க்குள் தண்ணீர் வைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி. வால்வைத் திறந்ததும் பாட்டிலில் கொட்டியது. எண்ணெய் இல்லை. தெளிவாக, கண்ணாடி மாதிரி, பாட்டிலில் பாதிக்கு மேல் வந்து நின்றது. தண்ணீர். தண்ணீராகத்தான் இருக்கும். ராத்திரிக் குளிருக்குச் சந்துக்குள் வியர்த்து நிற்கும், அது சகஜம், பல தடவை வந்திருக்கிறது. ஆனால் இவ்வளவா? நான்காம் நம்பர் தொட்டியில் மெத்தனால். மெத்தனாலும் இப்படித்தான் இருக்கும், பச்சைத் தண்ணீர் மாதிரி. ஊரில் சாராயத்தில் கலந்து எத்தனை பேர் கண்ணும் உயிரும் போனது இதனால்தானே. கஸ்பார் பாட்டிலை வெயிலில் தூக்கிப் பார்த்தான். வெயில் உள்ளே நுழைந்து மறுபக்கம் வந்தது. கையுறையில் ஒரு சொட்டு விட்டுத் தேய்த்தான். வழுக்கவில்லை. தண்ணீரும் வழுக்காது. சீக்கிரம் காய்ந்தது. இந்த வெயிலில் எதுதான் காயாது? தண்ணீர் என்று சொல்லிவிடலாம். சொன்னால் நாளைக்கு மறுபடி வரும், கண்ட்லா துறைமுகத்தில் சரக்கிறக்கப் பம்பை ஓட்டும்போது அடைப்பு விட்டுப்போனால், எண்ணெயில் சரக்கு கலந்து, வேண்டாம். சரக்கு என்று சொல்லிவிடலாம். அது தண்ணீராக இருந்தால் சிரிப்பார்கள், உனக்கு மூக்கு இல்லையா என்பார்கள். விளையாட்டாகத்தான் கேட்பார்கள். இவன் என்ன முகம் காட்டுவான்? மண்டியிட்டுக் குவளையின் பக்கத்தில் குனிந்தான். மோந்து பார்க்கக் கூடாது என்பது சட்டம். இவன் மோந்து பார்க்கவில்லை, சும்மா குனிந்தான், பழக்கத்தில் மூச்சை இழுத்தான். ஒன்றுமில்லை. இன்னும் கொஞ்சம் கிட்டப் போனான். உலகத்தில் எதற்குமே வாசம் இல்லை. கடலுக்கு இல்லை, இரும்புக்கு இல்லை, பெபியின் தலைமுடிக்கு இல்லை. அவள் வளர்ந்துவிட்டாள், வளர்ந்த பெபிக்கு என்ன வாசம் என்று அவனுக்குத் தெரியாது, ஒரு தடவைகூடத் தெரிந்துகொள்ளவில்லை. தலை லேசாக, சைக்கிளில் பள்ளத்தில் இறங்குகிற மாதிரி இருந்தது. காலையில் சரியாகச் சாப்பிடவில்லை, அதுதான். டெக்கின் பச்சை கொஞ்சம் தள்ளிப்போய் நின்றது. ஜெசிந்தா கரண்டியோடு நின்று இங்க வாங்களேன் என்றாள்.

"ஏய்! கஸ்பாரு! என்னாப்பா பண்ற அங்க?" கிரீஸ் டப்பாவோடு வந்துகொண்டிருந்த அசனார் பாய் பத்தடி தள்ளியே நின்றுவிட்டார். "ஸ்பிரிட்டு நாத்தம் குப்புன்னு அடிக்குது, நீ அதுல மூஞ்சிய வச்சிட்டு உக்காந்திருக்கே!" டப்பாவைப் போட்டுவிட்டு, கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடிவந்து, வால்வை அடைத்து, கஸ்பாரின் சட்டையைப் பிடித்து இழுத்துக் காற்று வீசுகிற பக்கமாகக் கொண்டுபோய் உட்கார வைத்தார். கையுறையை உருவினார். கையில் தண்ணீர் ஊற்றினார். "மாஸ்க்கு கழுத்துக்கா போட்டிருக்கே? துண்டா அது?" என்றார். கஸ்பார் அவரைப் பார்த்தான். நரைத்த தாடியில் ஒரு இடத்தில் கிரீஸ் ஒட்டியிருந்தது. அதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. பாய் கொஞ்ச நேரம் அவனையே பார்த்தார். அந்தப் பார்வை போய்ப் போய், திரிந்த பால் இருந்த சாப்பாட்டு மேசையில் முட்டி நின்றதைக் கஸ்பார் கண்ணாலேயே பார்த்தான். கீழக்கரைக்காரர், டெக் ஆட்களில் தமிழ் பேசுகிற இன்னொரு வாய், எதையும் இரண்டு தடவை கேட்க மாட்டார். குரலைத் தாழ்த்தி, "ஒனக்கு வாசம் தெரியாதா?" என்றார். கஸ்பார் கடலைப் பார்த்தான். "எப்பலேந்து?" "அவ போனாளே, அந்த வாரத்துலேந்து, பாய்." பாய் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அல்லாவே" என்றார். பிறகு, "நான் சீஃப்ட்ட சொல்லித்தான் ஆவணும். கோவப்படாத. நாளைக்கு நீ அங்கேயே கெடப்பே, நான் வந்து தூக்குவேன், ஒம் மவளுக்கு நான் என்ன பதில் சொல்ல?" என்றார். கோபம் வரவில்லை. மாறாக, தோளிலிருந்து ஏதோ இறக்கிவைத்தாற்போல இருந்தது, இறக்கின இடத்தில் அது இருந்ததைவிட அதிகமாக வலித்தது.

சீஃப் ஆபீசர் தயாளன் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நான்காம் நம்பர் அடைப்பைப் பற்றித்தான் முதலில் கேட்டார், எவ்வளவு வந்தது, நேற்று வந்ததா, சத்தம் எப்படி. இனி அந்தப் பம்பை அடிக்கடி பர்ஜ் பண்ண வேண்டும், துறைமுகத்தில் ஆள் வரச் சொல்ல வேண்டும் என்று தனக்குள் பேசிக்கொண்டார். பிறகு நிமிர்ந்து, "கண்ட்லால டாக்டரைப் பாருங்க கஸ்பார். அதுவரைக்கும் பர்ஜ் அசனார் பாக்கட்டும். நீங்க கூட நின்னு சொல்லுங்க" என்றார். வெள்ளூர்க்காரர், வயதில் சின்னவர், கண்ணைப் பார்க்காமலே சொன்னார். டாக்டர் பார்த்தால் என்ன ஆகும் என்று இரண்டு பேருக்கும் தெரியும். வாசம் தெரியாத பம்ப்மேனை எந்தக் கப்பல் ஏற்றும்? கஸ்பார் குளித்தான். சோப்பு நுரைத்தது. எந்தச் சோப்பு என்று உறையைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். அறைக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்தான், தலைவலி பின்னந்தலையில் சுத்தியலாகத் தட்டியது. அசனார் பாய் தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு வாசலிலேயே நின்றார். இந்த மனிதருக்கு மூக்கு இருக்கிறது. கஸ்பாருக்கு உடம்பெல்லாம் அந்த எண்ணம் ஓடியது. கேட்கலாமா? கேட்கிற சங்கதியா அது? ஒருவன் பெண்டாட்டியின் சேலையை இன்னொருவனிடம் கொடுத்து, கேட்டால் அறைந்துவிடுவார், அறையட்டும். ஒருவேளை தீர்ந்தே போயிருந்தால்? இருக்கிறது என்று ஒரே ஒரு ஆள் சொன்னால் போதும். கட்டிலுக்கடியிலிருந்து பெட்டியை இழுத்துப் பையை எடுத்தான். "பாய், தப்பா எடுத்துக்கிடாதீங்க. இது அவ சேலை. தொவைக்காதது. மோந்து பாத்து, அந்த வாசம் இருக்கா இல்லையான்னு மட்டும்..." பையை நீட்டினான்.

பாய் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினார். முகம் கழுவும் தொட்டியில் இரண்டு கையையும் முழங்கைவரை தேய்த்துக் கழுவினார், முகத்தையும் கழுவினார், தாடியிலிருந்த கிரீஸ் அப்போது போயிற்று. துடைத்துக்கொண்டு சேலையைப் பிரிக்காமல் மடிப்போடு வாங்கி, கண்ணை மூடி, முகத்துக்குக் கொஞ்சம் தள்ளியே வைத்து மோந்தார். மறுபடி மோந்தார். ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார். கண்ணைத் திறந்தபோது அவர் பொய் சொல்லலாமா என்று யோசிப்பது கஸ்பாருக்குத் தெரிந்தது. "சொல்லுங்க பாய்." "துணி சோப்பு வாசம்ப்பா" என்றார். "அந்துருண்ட வாசம் கொஞ்சம். நல்லாத் தொவச்சு மடிச்ச சேல இது." சேலையை அவன் மடியில் வைத்தார். கை அவன் தலையில் ஒரு நிமிஷம் இருந்தது. போய்விட்டார்.

தொவச்ச சேலை. துவைத்தது. கஸ்பார் அந்தச் சொல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ரோஸ்லின் கண்ணில் படாதது என்று பெபி சொன்னாளே. படாமல் எப்படி இருக்கும்? அவள் கண்ணுக்கு ஊசி தப்பாதே. அப்படியென்றால் பெபி கொண்டுவந்து கொடுத்தபோதே அதில் சோப்பு வாசம்தான் இருந்திருக்கிறது. அவளுக்குத் தெரியும். நல்ல மூக்கு அவளுக்கு, அம்மா மாதிரி. தெரிந்தேதான் அம்மா வாசம் என்றாள். இவன் அதற்குள் முகத்தை வைத்து, அவள் பார்த்துக்கொண்டிருக்க, ஆமா என்றான். சோப்பை மோந்துவிட்டு அம்மா வாசந்தான் என்றான். போனை எடுத்துப் பெபியோலாவுக்குப் போட்டான். சுற்றிச் சுற்றித்தான் இணைப்பு கிடைத்தது. "அப்பா! இப்பதான் பூசை முடிஞ்சு வாறேன். என்னப்பா, இந்நேரத்துல?" என்றாள். "மக்கா, அம்மா சேல. அத யாரு தொவச்சது?" துண்டித்துவிட்டதோ என்று திரையைப் பார்த்தான். "சித்திப்பா. எல்லாத்தையும் தொவச்சிட்டா. கொடியிலேந்து எடுத்துட்டு வந்தேன்." "பொறவு ஏம்மா அப்படிச் சொன்ன?" "நீங்க சாப்பிடல. அழவும் இல்ல. சும்மா செவரையே பாத்துட்டு இருந்தீங்க. எனக்கு வேற என்ன குடுக்கன்னு தெரியல." "நான் ஆமான்னு சொன்னேனே மக்கா." "சொன்னீங்க. அன்னைக்கேதான் எனக்குத் தெரிஞ்சுது, உங்களுக்கு மூக்கு போயிருச்சுன்னு." போனில் பேசும்போதெல்லாம் சாப்பாடு கெட்டுப்போயிருக்கா பாருங்க, கேஸ் இருக்கிற எடத்துல மாஸ்க் போடுங்க என்று கிழவி மாதிரி நச்சரித்துக்கொண்டிருந்தது எதற்கு என்று இப்போது தெரிந்தது. அந்த வயதிலிருந்து தனியாக, ஒருவரிடமும் சொல்லாமல், அப்பாவுக்காக அவள் மோந்துகொண்டிருந்திருக்கிறாள். கஸ்பார் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். வேறு ஒரு சத்தம் வந்தது, அடிவயிற்றிலிருந்து, மிருகம் போடுகிற மாதிரி, அது தன் சத்தம் என்று அவனுக்கே தெரியவில்லை. சேலையை வாயில் வைத்து அழுத்தினான். நிற்கவில்லை. ஜெசிந்தா, ஜெசிந்தா என்றான். போனில் பெபியோலாவும் அழுதாள், அழுதுகொண்டே, "அழுங்கப்பா. நல்லா அழுங்க. நான் போனை வைக்கல" என்றாள்.